வக்கீல் மோதிலால் நேரு

வடநாட்டில் வந்து குடியேறிய தமிழர் ஒருவர் ஏதோ ஒரு காரியமாக அவ்வூர்ச் சிவில் கோர்ட்டுப் பக்கம் போக நேர்ந்தால், எதிர்பாராத ஒரு வியப்பை அடைவார். கடைவீதியில் பேச்சு விளங்காமல் திண்டாடியவருக்குக் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் பாதிப் பேச்சு விளங்கிவிடும். வக்கீல், வக்காலத்து, முன்சீப், அமீனா, ஜப்தி, ஜாமீன், தாவா, அசல், நகல், ராஜி, ராஜினாமா: இவை யாவும் கும்பகோணத்திலும் மதுரையிலும் நம் பாட்டனார் வாயில் புழங்கிய சொற்களே. அரபிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கிளம்பி, நவாபுகளின் கச்சேரி வழியாகவும் கம்பெனியின் அதாலத்து வழியாகவும் அவை தேசமெங்கும் பரவின. ரயில் வருவதற்கு முன்னரே இந்தியாவை ஒன்றாகக் கட்டிய கயிறுகளில் வழக்காடும் தொழிலும் ஒன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அத்தொழிலில் ஒருவருடைய வாழ்க்கையை இங்கே சொல்லப் புகுகிறேன். அவர் பெயர் நேயர்களுக்குப் புதிதன்று. காங்கிரஸ் தலைவர், சுயராஜ்யக் கட்சியை நிறுவியவர், முதல் பிரதமரின் தந்தை என்றெல்லாம் பண்டித மோதிலால் நேருவை அறிவோம். ஆயினும் அவர் அரசியலுக்கு முழுமையாகக் கொடுத்தது வாழ்நாளின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளையே. அதற்கு முந்திய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் சிவில் வக்கீல். நிலம், வாரிசு, அடமானம், உயில், பாகப்பிரிவினை ஆகியவையே அவர் உலகம். அந்த மோதிலாலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சிவில் வழக்கிலே கொலையில்லை, தூக்குமேடையில்லை; கேட்பவருக்குச் சுவை குறைவு என்பது காரணமாயிருக்கலாம். ஆனால் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சோறுண்ணுமா, தெருவில் நிற்குமா என்பதை நிர்ணயிப்பது அந்தச் சுவையற்ற கட்டுகளே அல்லவா?

மோதிலால் 1861 மே 6ஆம் தேதி ஆக்ராவில் பிறந்தார். தந்தையார் கங்காதர் நேரு 1857க்கு முன் டில்லியில் கொத்தவாலாக இருந்தவர். கலகத்தின்போது குடும்பத்துடன் ஆக்ராவுக்கு ஓடிவந்து, பிள்ளை பிறப்பதற்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன் இறந்துபோனார். தமையனார் நந்தலால்தான் வளர்த்தார். அவர் கேத்ரி சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர். பின்னர்ச் சட்டம் படித்து வக்கீலானார். 1866இல் ஆக்ராவில் நிறுவப்பட்ட உயர் நீதிமன்றம் 1869இல் அலகாபாத்துக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னே வக்கீல்களும் குமாஸ்தாக்களும் கட்சிக்காரர்களும் இடம் பெயர்ந்தனர். நேரு குடும்பமும் அவ்வாறே வந்து சேர்ந்தது. 2018இல் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாறிய அந்நகரத்தின் பெருமையில் திரிவேணிக்குப் பாதி என்றால் கோர்ட்டுக்குப் பாதி.

சிறுவயதில் மோதிலால் கற்றது பாரசீகமும் அரபும் மட்டுமே. பதின்மூன்று வயதை ஒட்டித்தான் ஆங்கிலம் தொடங்கினார். மியூர் மத்தியக் கல்லூரியில் படித்தபோது பி.ஏ. பரீட்சையின் முதல் தாளைச் சரியாக எழுதவில்லை என்று தாமாகவே முடிவு செய்து, மீதித் தாள்களை எழுதாமல் தாஜ்மகாலைப் பார்க்கப் போய்விட்டார். முதல் தாளை நன்றாகவே எழுதியிருந்தார் என்பது பிற்பாடு தெரியவந்தது. பட்டம் கிட்டாமலே போயிற்று. சட்டம் வந்தபோது அந்த விளையாட்டுத்தனம் இல்லை. 1883இல் உயர் நீதிமன்ற வக்கீல் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார்.

தேறியவர் நேரே உயர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. கான்பூர் ஜில்லாக் கோர்ட்டில் மூன்றாண்டு தொழில் பழகினார். இங்கே சற்று நிற்க வேண்டும். ஏனெனில் அவருடைய பிற்கால வெற்றியின் வேர் அந்த மூன்றாண்டில் இருப்பதாக நான் கருதுகிறேன். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று உயர் நீதிமன்றங்களிலும் அசல் வழக்குகளை விசாரிக்கும் பகுதி உண்டு. அலகாபாத்தில் சாதாரண சிவில் வழக்குகளுக்கு அத்தகைய பகுதி இல்லை. அது பெரும்பாலும் அப்பீல் கோர்ட்டு. பிராது தாக்கல் ஆவதும், எழுவினாக்கள் வகுக்கப்படுவதும், சாட்சி கூண்டில் ஏறுவதும் ஜில்லாவில். அலகாபாத்துக்கு வருவது காகிதம் மாத்திரம். ஆகவே ஜில்லாவில் சாட்சியின் முகத்தைப் பார்த்துப் பழகாதவன் அலகாபாத்தில் காகிதத்தை மட்டுமே பார்ப்பான். கான்பூரில் பழகியவனுக்குக் காகிதத்தின் பின்னால் முகம் தெரியும்.

விசாரணை வேறு, மேல்முறையீடு வேறு. இரண்டும் வக்கீல் தொழில்தான் என்றாலும் நெல்லை விதைப்பதும் நெல்லை அளப்பதும் போல அவை வெவ்வேறு வேலைகள். வடநாட்டு ஜமீன் வாரிசு வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளையில்லாமல் ஒரு ஜமீன்தார் இறக்கிறார். ஏழு தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளி நான் என்று ஒருவர் வருகிறார். மகள் வயிற்றுப் பேரன் நான் என்று மற்றொருவர் வருகிறார். தத்துப்பிள்ளை என்று மூன்றாமவர் வருகிறார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வம்சாவளிப் படம். அதை எப்படி நிரூபிப்பது? கிராமத்து வழக்கங்களைப் பதிந்து வைத்த 'வாஜிப்-உல்-அர்ஸ்' என்னும் பதிவேடு வரும். பிரயாகையிலும் ஹரித்துவாரத்திலும் பண்டாக்கள் யாத்திரிகரின் குலங்களை எழுதிவைத்த நீண்ட பஹிகள் வரும். நம்மவர் பலர் பிரயாகைக்குப் போனபோது பண்டா தம் பாட்டனார் பெயரை அப்படியொரு ஏட்டிலிருந்து வாசித்துக் காட்டியதைக் கேட்டிருப்பர். நமக்கு அது மெய்சிலிர்ப்பு. கோர்ட்டுக்கு அது சாட்சியம்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. இறந்துபோனவர் உறவுமுறை பற்றிச் சொல்லிவைத்த வார்த்தையை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது தகராறு கிளம்புவதற்கு முன் சொன்னதாக இருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு சொன்ன உறவு உறவாகாது. ஆகவே பஹியின் மையையும் தாளையும் கையெழுத்தையும் பார்த்து, இவ்வரி எந்த ஆண்டில் எழுதியது, இந்தக் கையெழுத்து யாருடையது, அதைத் தெரிந்துகொள்ள இந்தச் சாட்சிக்கு யோக்கியதை என்ன என்று துருவித் துருவிக் கேட்பது விசாரணை வக்கீலின் கடமை. அங்கே கேட்கத் தவறிய கேள்வியைப் பின்னால் எந்த அப்பீலிலும் கேட்க முடியாது. சாட்சியை வீட்டுக்கு அனுப்பியாயிற்று, பதிவு மூடியாயிற்று.

அப்பீலிலோ சாட்சி இல்லை, கண்ணீர் இல்லை, கூண்டும் இல்லை. அச்சிட்ட புத்தகம் ஒன்று இருக்கும். ஜில்லாவில் உருது எழுத்தில் எழுதிய வாக்குமூலங்களும் பாரசீகச் சொற்கள் நிறைந்த பத்திரங்களும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அதில் இருக்கும். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் சற்றுத் தயக்கமும் சற்றுக் கர்வமும் உண்டாவதை மறைக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் விளக்கு வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்த ஒரு சொல்லின்மேல் எத்தனை கிராமங்கள் தொங்கிக்கொண்டிருந்தனவோ!

இது மிகைப்படுத்திச் சொன்னதன்று. அலகாபாத்திலிருந்து லண்டன் பிரிவி கௌன்சிலுக்குப் போய் 1907இல் தீர்ப்பான சூரஜ்மணி வழக்கைப் பார்க்கலாம். குடும்பத்துப் பெண்களுக்குச் சொத்துக் கொடுத்த ஒரு பத்திரத்தில் 'மாலிக் வ குத் இக்தியார்' என்ற சொற்கள் இருந்தன. மாலிக் என்றால் உடையவர். குத் இக்தியார் என்றால் தன்னிச்சையான அதிகாரம் உள்ளவர். பெண் என்பதால் அவளுக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும்தானா, அல்லது விற்கவும் உரிமை உண்டா என்பது கேள்வி. உயர் நீதிமன்றம் விற்கும் உரிமை இல்லை என்றது. பிரிவி கௌன்சில் அதை மாற்றி, மாலிக் என்ற சொல்லுக்கு முழு உடைமை என்பதே பொருள், பத்திரத்தின் வேறு பகுதியில் அதைக் குறைக்கும் வாசகம் இல்லாவிட்டால் பெறுபவள் பெண் என்ற ஒரே காரணத்தால் அப்பொருளைக் குறைக்கலாகாது என்று தீர்த்தது. சொல்லை 'அனுபவிப்பவள்' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தால் அந்த வழக்கு என்னவாகியிருக்கும்? பாரசீகத்திலே வளர்ந்து ஆங்கிலத்திலே வாதாடிய மோதிலாலைப் போன்றவர்களுக்கு இங்கேதான் பலம். எதிரே இருந்த ஆங்கில பாரிஸ்டர் மொழிபெயர்ப்பைப் படிப்பார். இவர் மூலத்தையே படிப்பார்.

கான்பூரிலிருந்து 1886இல் மோதிலால் அலகாபாத்துக்கு வந்தார். மறு ஆண்டு தமையனார் நந்தலால் 42ஆம் வயதில் காலமானார். அப்போது மோதிலாலுக்கு வயது இருபத்தைந்தை ஒட்டியிருக்கும். தமையனாரின் மனைவி மக்கள் அடங்கிய பெரிய குடும்பம் முழுவதும் அவர் தோளில் இறங்கியது. வேறு வழியில்லை, தொழிலைப் பிடித்துக்கொண்டார். கூட்டங்களுக்கும் மாநாடுகளுக்கும் அந்நாளில் அவர் அதிகமாகப் போகாததற்கு இதுவே முக்கியக் காரணம். பிற்காலத்து ஆடம்பரத்தையும் ஆனந்த பவனத்து விருந்துகளையும் பற்றிக் கதை கதையாகச் சொல்கிறவர்கள் இந்த ஆண்டுகளைச் சொல்வதில்லை.

தொழில் வளர்ந்த வேகத்தை விரிக்க வேண்டியதில்லை. 1896இல் உயர் நீதிமன்றம் வக்கீல்கள் நால்வரை அட்வகேட் வரிசைக்கு உயர்த்தியது. சீமையில் படித்த பாரிஸ்டர்களுக்குச் சமமாக உட்காரும் உரிமை அது. நால்வரில் மோதிலால் ஒருவர், சிவில் சட்டத்தில் பெரும் புலவரான சுந்தரலால் மற்றொருவர். 1909இல் பிரிவி கௌன்சிலில் நேரில் வாதாடும் அனுமதியும் மோதிலாலுக்குக் கிடைத்தது. சட்ட நுணுக்கத்தில் அவரைவிட ஆழ்ந்தவர்கள் அலகாபாத்தில் இருந்தார்கள். அவருடைய திறமை வேறு விதமானது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் சிதறிக் கிடக்கும் விஷயங்களை, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் தானாக வந்து உட்காரும்படி எடுத்துரைப்பதில் அவருக்கு நிகரில்லை என்பது அவரைக் கேட்ட நீதிபதிகளின் கருத்து. பின்னாளில் தலைமை நீதிபதியாயிருந்த சர் கிரிம்வுட் மியர்ஸ் இதை வியந்து சொல்லியிருக்கிறார்.

மகன் ஜவஹர்லால் 1912இல் பாரிஸ்டராகத் திரும்பித் தகப்பனாரிடம் ஜூனியராக அமர்ந்தார். மகனுக்கு முதல் பீஸாக 500 ரூபாய் வந்தது. தமக்கு வந்த முதல் பீஸ் 5 ரூபாய்தான் என்றும், ஆகவே மகன் தம்மைவிட நூறு மடங்கு மேலானவன் என்றும் மோதிலால் வேடிக்கையாகக் கடிதம் எழுதினார். அந்த 5 ரூபாயை அவர் மறக்கவில்லை என்பதை இதனால் அறிகிறோம். மகனுக்குத் தொழில் பிடிக்கவில்லை என்பதையும் நாம் அறிவோம்.

இனி அந்த வாழ்க்கையோடு ஒட்டிவந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். எட்டாவா ஜில்லாவில் லக்னா என்று ஒரு ஜமீன். லக்னோ அன்று, லக்னா. அதன் வாரிசுரிமை பற்றிய விவகாரங்கள் 1890களிலேயே மோதிலாலிடம் வந்துவிட்டன. பின்னர் ஜவஹர்லாலும் அவ்வழக்கின் தொடக்க நிலையில் ஆஜராகியிருக்கிறார். இடையே அரசர்கள் மாறினர். உலக யுத்தம் ஒன்று வந்து போயிற்று. வழக்கு மட்டும் இருந்தது. சிவில் வழக்கு மாமரத்தைப் போன்றது, நடுகிறவன் பழம் தின்பதில்லை என்று சொல்லும் கட்சிக்காரர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

1920இல் பீகாரில் ஆரா என்னும் ஊரில் தும்ராவ் ஜமீன் வழக்கு விசாரணை நடந்தது. பெரிய சொத்து வழக்கு. ஆகவே இரு பக்கத்துக்கும் வெளியூர்ப் பெரிய வக்கீல்கள் வந்து தங்கினர். ஒரு பக்கம் மோதிலால், எதிர்ப்பக்கம் கல்கத்தாவிலிருந்து சித்தரஞ்சன் தாஸ். கோர்ட்டில் எதிரிகள், வெளியே நெருங்கிய நண்பர்கள். அவ்வாண்டு செப்டம்பரில் கல்கத்தா விசேஷ காங்கிரஸில் ஒத்துழையாமைத் தீர்மானம் வந்தது. கோர்ட்டுகளைப் பகிஷ்கரிப்பது அதன் ஒரு பகுதி. முன்னணித் தலைவர்களில் காந்தியடிகளின் பக்கம் நின்றவர் மோதிலால். தாஸ் அப்போது எதிர்த்தார். டிசம்பரில் நாகபுரியில் அவரும் சேர்ந்துகொண்டார். மோதிலால் நாகபுரி வரை காத்திருக்கவில்லை. கல்கத்தாவிலிருந்து திரும்பியதும் தொழிலைத் துறந்தார். நம் சென்னையில் அட்வகேட் ஜெனரலாயிருந்த எஸ். சீனிவாச ஐயங்காரும் அதே 1920இல் அப்பதவியை ராஜினாமாச் செய்தார். அவர்களை ஒட்டிப் பலர் கவுனைக் கழற்றினர். பலர் சில மாதங்களில் மறுபடி மாட்டிக்கொண்டனர் என்பதையும் சொல்லாமல் விடுவது சரித்திரமாகாது.

பணத்தைத் துறந்ததைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1921 டிசம்பரில் நடந்த ஒரு சிறு காட்சி. டிசம்பர் 6ஆம் தேதி மோதிலாலும் ஜவஹர்லாலும் கைதானார்கள். சட்டவிரோதமெனச் சர்க்கார் அறிவித்திருந்த தொண்டர் படையில் மோதிலால் சேர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரமாக அவர் ஹிந்தியில் கையெழுத்திட்ட ஒரு பாரத்தைக் கொண்டுவந்தனர். கையெழுத்து அவருடையதுதான். ஆனால் ஹிந்தியில் அவர் அதற்குமுன் அநேகமாகக் கையெழுத்திட்டதே இல்லை; அதை அடையாளம் சொல்லக்கூடியவர் மிகச் சிலர். கந்தல் உடுத்திய ஒருவரைப் பிராசிக்யூஷன் சாட்சியாக நிறுத்தியது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாரத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்து, இது மோதிலால் கையெழுத்துத்தான் என்று சத்தியம் செய்தார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கையெழுத்துகளையே துருவிப் பிழைத்தவர் எதிரே இருக்கிறார்! ஜமீன் பத்திரங்களிலும் பழைய ரசீதுகளிலும் எத்தனை பொய்க் கையெழுத்துகளைக் கிழித்திருப்பார்! ஒரே கேள்வி போதும். அச்சாட்சி கூண்டிலேயே கரைந்திருப்பார். மோதிலால் அக்கேள்வியைக் கேட்கவில்லை. ஒத்துழையாதவர் அந்தக் கோர்ட்டில் எதிர்வழக்காடுவதில்லை என்று விரதம் கொண்டிருந்தார். நாலு வயதுப் பேத்தி இந்திராவைக் கையில் ஏந்தியபடி விசாரணை முழுவதும் இருந்தார். ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. வக்கீல் தொழிலை அவர் உண்மையில் விட்டது கல்கத்தாவிலா, இந்தக் கோர்ட்டிலா என்று எனக்குச் சந்தேகம். வருமானத்தை விடலாம், கைப்பழக்கத்தை விடுவது அரிது.

ஒத்துழையாமை ஓய்ந்த பிறகு அவர் சில வழக்குகளில் திரும்பவும் தோன்றினார். லக்னா அவற்றுள் ஒன்று. ஏற்றுக்கொண்ட கட்சிக்காரரை நடுவழியில் விடக்கூடாது என்பது பழைய வக்கீல்களின் தர்மம். அரசியலில் கண்டிப்பான சிலர் இதைக் குறையாகச் சொன்னால் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். சர்க்கார் கோர்ட்டில் தமக்காக ஒரு கேள்வி கேட்க மறுத்தவர், பிறருக்காகத் தாம் கொடுத்த வாக்கைக் காக்க அதே கோர்ட்டுக்குப் போனார். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

அவ்வழக்கின் கடைசிப் படி லண்டன். அந்நாளில் இந்திய சிவில் வழக்குகளுக்கு உச்சி பிரிவி கௌன்சிலே. பொதுவாகப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத சொத்தாயிருந்தால் அங்கே போகலாம்; 1949இல் அந்த அதிகாரம் நீக்கப்படும் வரை நம் நிலத்தகராறுகள் கப்பலேறித்தான் தீர்ந்தன. எட்டாவாக் குடியானவர் உருதுவில் சொன்ன சொல், ஜில்லா, மாகாணம், கடல் ஆகிய மூன்றையும் தாண்டி, டௌனிங் தெருவில் ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்த பிரபுக்களின் முன் அச்சுப் புத்தகமாகப் போய்ச் சேரும்.

1927இல் மோதிலால் ஐரோப்பாவில் இருந்தார். நவம்பர் மாதம் குடும்பத்துடன் மாஸ்கோவுக்குப் போய், ரஷ்யப் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவை ஒட்டிச் சில நாட்கள் தங்கினார். இந்தியாவுக்கு அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய ஒரு கமிஷன் வருகிறது, அதில் இந்தியர் ஒருவர்கூட இல்லை, தலைவர் சர் ஜான் சைமன் என்ற செய்தி அப்போதுதான் எட்டியது. சில நாட்களுக்கெல்லாம் மோதிலால் லண்டனுக்குச் சென்று பிரிவி கௌன்சிலில் ஆஜரானார். அவரோடு அதே கட்சிக்காரருக்காக, அதே பக்கத்தில் ஆஜரானவர் சர் ஜான் சைமன்! சைமனுடைய விருப்பப்படி ஜவஹர்லாலும் ஒரு தடவை தகப்பனாருடன் அவருடைய அறைக்கு ஆலோசனைக்குப் போய்வந்தார். தாம் இளம் ஜூனியராக இருந்தபோது பார்த்த பழைய வழக்கு என்பதற்கு மேல் அவருக்கு அதில் நாட்டமில்லை.

இரண்டு பெரிய சிவில் வக்கீல்கள் ஒரே கட்டுக்காக வாதாடினார்கள். லக்னா வழக்கு தன் முடிவை நோக்கி நகர்ந்தது. சைமன் 1928 பிப்ரவரி 3ஆம் தேதி பம்பாயில் வந்து இறங்கினார். ஊர் ஊராகச் சென்று, சாட்சிகளை அழைத்து, வாக்குமூலம் பதிவு செய்வது கமிஷனின் வேலை. அதன் முன் எவரும் சாட்சி சொல்லலாகாது என்று காங்கிரஸ் தீர்மானித்திருந்தது; மத்திய சட்டசபையில் அக்கட்சியின் தலைவர் மோதிலால் நேரு.